இரட்டைக் கர்ப்பம்: 20-வது வாரத்தில் கர்ப்பப்பை வாயின் நீளம் 24 மி.மீ. என்றால் குறைமாதப் பிரசவம் ஆகுமா?

கட்டாயம் ஆகும் என்றில்லை, ஆனால் அலட்சியம் வேண்டாம். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். அதனால் 32–34 வாரத்துக்குள்ளேயே வலி வந்துவிடுமா என்பதைத்தான் கணிக்க வேண்டும்.

அந்த 24 எப்படி எடுத்தது என்று கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன்தான் நம்பகம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை வாய் நீளமாகத் தெரியும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் அப்படித்தான். சில நிமிடம் பார்த்து, மூன்று முறை அளந்து, இருப்பதில் குறைந்ததை எழுத வேண்டும். அளவில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் எண் கூடத்தான் செய்யும். ஆகவே 24 என்பதை இயந்திரக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

நீளம் 25 மி.மீ.க்குக் கீழே போனால் ஆபத்து கூடுகிறது. 20-க்குக் கீழே இன்னும் அதிகம். முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, இரு குழந்தைகளுக்கும் ஒரே நஞ்சுக்கொடி என்றாலோ மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஓரிரு வாரத்தில் மறுபடி அளப்பது, புரோஜெஸ்டிரோன் (கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோன்) மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைப்பது பற்றியும் கேளுங்கள். எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போவதில்லை, காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும்.

விட்டுவிட்டு வயிறு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.