தெரிந்தும் நிறுத்த முடியாதவர்களுக்குத் தண்டனை எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. விபத்தில் நெற்றியில் பலத்த அடிபட்ட பிறகு ஆளே மாறிவிட்டான். சின்ன விஷயத்துக்கும் கை ஓங்குவான், அப்புறம் உட்கார்ந்து அழுவான். ஒருவரைத் தாக்கியதற்காக இப்போது சிறையில் இருக்கிறான். மூளைதான் காரணம் என்றால் அவனைத் தண்டிப்பது நியாயமா?

பதில்: உங்கள் தம்பி அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான தகவல். செய்தது தவறு என்று அவருக்குத் தெரிகிறது. அந்தக் கணத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளத்தான் முடியவில்லை. இவை மூளையின் இரண்டு வேறு வேலைகள். கண்களுக்கு மேலே, நெற்றி எலும்புக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிதான் பிரேக் மாதிரி. அங்கே அடிபட்டால் அறிவு அப்படியே இருக்க, கட்டுப்பாடு மட்டும் போய்விடலாம்.

2003இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவ அறிக்கையைச் சொல்கிறேன். அதுவரை எந்தப் புகாரும் இல்லாத 40 வயது ஆசிரியர் ஒருவருக்கு, சிறுமிகள் மீது தவறான நாட்டம் திடீரென வந்தது. தவறு என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. பரிசோதித்தபோது அதே பகுதியில் பெரிய கட்டி இருந்தது. அதை அகற்றியதும் நாட்டம் மறைந்தது. கட்டி மீண்டும் வளர்ந்தபோது நாட்டமும் திரும்பி வந்தது.

ஆனால் 1843இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் என்பவரின் கொலை வழக்கையொட்டி, மனநிலை பாதிக்கப்பட்டவர் தன் குற்றத்துக்குப் பொறுப்பா என்று முடிவு செய்ய உருவான விதி, இன்றும் பல நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படையாக இருப்பது, ‘செய்வது என்னவென்று, அது தவறென்று தெரிந்ததா?’ என்றுதான் பார்க்கிறது. ‘நிறுத்த முடிந்ததா?’ என்று கேட்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பயமுறுத்தித் திருத்துவதுதான் தண்டனையின் நோக்கம் என்றால், கோபம் வந்த நொடியில் பின்விளைவை எண்ணிப் பார்க்க முடியாதவரிடம் அது எப்படி வேலை செய்யும்?

அதற்காக அவருக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தலையில் அடிபட்ட எல்லோரும் அடுத்தவரைத் தாக்குவதில்லை. கட்டுப்பாடு என்பது இருக்கிறது, இல்லை என்று இரண்டே நிலையில் நிற்பதல்ல. ஆளுக்கு ஆள் அளவு மாறும். அடிவாங்கியவருக்கும் பாதுகாப்பும் நியாயமும் வேண்டும். அவரை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: விபத்து நேரத்து மருத்துவப் பதிவுகளைத் தேடி எடுத்து, வழக்கறிஞரிடமும் சிறை மருத்துவரிடமும் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், கட்டுப்பாட்டுத் திறனை அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனையும் கேளுங்கள். ஸ்கேன் சரியாக இருந்தாலும் பரிசோதனையில் குறை தெரியலாம், அதனால் ஒன்றோடு விட்டுவிடாதீர்கள். வலிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தும் நடத்தைப் பயிற்சியும் பலருக்கு நன்றாகவே உதவுகின்றன. வெளியே வந்த பிறகு மது அறவே கூடாது.