வசனம் ஏன் மனசில் ஒட்டவில்லை?

கேள்வி: அம்மா இறந்து சில மாதங்கள் ஆகின்றன. வேலைக்குப் போகும்போது பெருவிரைவு ரயிலில் பைபிள் படிக்கிறேன். சொந்தக்காரர்களும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறார்கள். எதுவும் மனசில் ஒட்டவில்லை. கடவுளின் அன்பு எனக்கு மட்டும் இல்லையா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, பூப்படத்தின் மேல் எழுதி வரும் அரை வசனம் துக்க வீட்டில் ஒட்டாது. எனக்கும் ஒட்டியதில்லை. பைபிளில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முறையீடாகவே போய், வேண்டியவர்கள் விலகிவிட்டார்கள், இருட்டுதான் மிச்சம் என்று முடிகிறது. கடைசியில்கூட ஆறுதலாக ஒரு வரி கிடையாது. அதுவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் உங்கள் புலம்பலும் ஜெபம்தான்.

அப்புறம் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், செத்தால் தேவலை என்கிறார். தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டவர் மறுபடி படுத்துவிடுகிறார்! திட்டாமல் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தேவ அன்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இடம்தான்.

சரி, நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? ரயில் நெரிசலில் அத்தியாயங்களை ஓட்டித் தள்ள வேண்டாம். இந்த ஒரு பகுதியை மட்டும், வேலை முடிந்து வந்து, புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். தூக்கம் வராமலே போனால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவைக் கொஞ்ச நாள் மியூட்டில் போடலாம், பாவமில்லை.