டிராக்கில் ஓட்ட ஒரு கார்: போலோவா, பழைய சுவிஃப்ட்டா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 30. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. கைக்கு வருவது மாதம் 62,000 ரூபாய். பாளையங்கோட்டையில் வாடகை வீடு. வாடகை, மளிகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 40,000 ஆகிவிடும். எஸ்.ஐ.பி.யில் 8,000 போடுகிறேன். எஃப்.டி. 6 லட்சம் இருக்கிறது, கடன் இல்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு நண்பர்களோடு ஒரு தடவை போய்ப் பார்த்ததில் இருந்து நாமும் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்று ஆசை பிடித்துவிட்டது. வீட்டில் கார் கிடையாது. வீட்டுக்கும் டிராக்குக்கும் சேர்த்து ஒரே காராக வாங்கலாம் என்று மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2016 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 6.25 லட்சம், இதற்கு 5 லட்சம் கடன் 12 சதவீத வட்டியில் 5 வருடத்துக்குத் தருகிறார்கள். 2015 சுவிஃப்ட் பெட்ரோல் 3.1 லட்சம். 2002 ஹோண்டா சிட்டி வி-டெக் 1.4 லட்சம். டிராக்கில் ஒரு நாள் கட்டணம் 8,000 என்றார்கள். எதை வாங்கலாம்? மனசு போலோவில்தான் இருக்கிறது.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மனசு போலோவில் இருப்பதில் தப்பில்லை தம்பி. ஆனால் அதை வாங்கினால் நீங்கள் டிராக்குக்கே போக மாட்டீர்கள். கணக்கைப் பாருங்கள்.

62,000-இல் வீட்டுச் செலவும் எஸ்.ஐ.பி.யும் போக மிச்சம் 14,000. ஐந்து லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 60 மாதத் தவணை என்றால் மாதம் 11,122. கையில் நிற்பது 2,900 கூட இல்லை. அதற்குள் பெட்ரோல் போட்டு, இன்சூரன்ஸ் கட்டி, சர்வீஸ் விட்டு, அப்புறம் கோயம்புத்தூருக்கும் போக வேண்டும். நடக்கிற காரியமா? ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 1.67 லட்சம் கட்டியிருப்பீர்கள், வண்டியோ வாசலில் நின்றிருக்கும்.

எஃப்.டி.யில் இருந்து கூடுதலாகப் போட்டுக் கடனைக் குறைக்கலாமே என்று அடுத்து தோன்றும். உங்கள் ஆறு மாத வீட்டுச் செலவு 2.4 லட்சம். அதைத் தொடக்கூடாது, அதில் பேச்சே இல்லை. மிச்சம் 3.6 லட்சத்தையும் போலோவில் போட்டாலும் 2.65 லட்சம் கடன் நிற்கும், தவணை 5,900 அளவுக்கு வரும். மாதக் கணக்கில் இது தாங்கும் போலத் தெரியும். வண்டிக்கு ஒன்று ஆகிவிட்டால்தான் தாங்காது. அதற்குக் காரணம் இன்சூரன்ஸ்.

நம் ஊர் தனியார் கார் பாலிசி எதை எடுத்தாலும், வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது இவற்றோடு ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை என்பவையும் அதில் வரும். ‘முழுக் காப்பீடு எடுத்திருக்கிறேன், பம்பர் டு பம்பர் போட்டிருக்கிறேன்’ என்று நம்பிக்கொண்டு டிராக்கில் இறங்காதீர்கள். தடுப்புச் சுவரில் இடித்தால் ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். ரோட்டில் இடித்ததாகச் சொல்லி கிளெய்ம் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது மோசடி.

அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது முழுசாகப் போய்விட்டால் திங்கட்கிழமை வீடு எப்படி இருக்கும்? போலோ என்றால் கார் இல்லை, அவசர நிதி தவிர சேமிப்பு இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. சுவிஃப்ட் என்றால் 3.1 லட்சம் நஷ்டம். வலிக்கும்தான். ஆனால் தவணை இல்லை, அவசர நிதி அப்படியே இருக்கிறது. இப்போதும் கார் இல்லாமல்தான் வீடு நடக்கிறது, கொஞ்ச நாள் பழையபடி பைக்கிலும் ஆட்டோவிலும் நடக்கும். ஒரே வண்டியை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள நான் சம்மதிப்பது இந்த ஒரு காரணத்தால்தான். வண்டி இல்லாவிட்டால் அன்றாடம் நின்றுபோகும் குடும்பமாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

வண்டியாகப் பார்த்தாலும் சுவிஃப்ட் இளப்பமானது இல்லை. போலோவின் 105 குதிரைத்திறனுக்கு இது 84 தான். ஆனால் எடை ஆயிரம் கிலோவுக்குள். போலோ ஜி.டி. 1,100-ஐத் தொடும். டிராக்கில் பணத்தைத் தின்பது எஞ்சின் இல்லை, பிரேக்கும் டயரும். வேகம் கூடினால் பிரேக்கில் ஏறும் சூடு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 100-இல் இருந்து நிறுத்துவதைவிட 140-இல் இருந்து நிறுத்தும்போது சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை அதிகமான, வேகமான வண்டி என்றால் பேடும் டயரும் அதற்குத் தகுந்தபடி தீரும். இன்னொன்று, ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இருப்பது டி.எஸ்.ஜி. என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் கியரை மாற்றும் மெக்காட்ரானிக்ஸ் பகுதி போனால் லட்சக் கணக்கில்தான் பேச்சு. போலோ விற்பனையும் 2022-இல் நின்றுவிட்டது. சுவிஃப்ட் சாமான் வண்ணாரப்பேட்டையில் கிடைக்கும், பட்டறைப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள்.

சிட்டி வி-டெக்கைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஓட்டுபவர்கள் இன்றும் உருகுகிற வண்டி. ஆனால் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், சாமானுக்கு அலைய வேண்டும். வீட்டில் வேறு கார் இருக்கிறவர்களுக்கு அது சரி.

சிறிய எஞ்சின் என்று கூச்சப்படவும் வேண்டாம். அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவர்தன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்துத்தான் கோயம்புத்தூரில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார்.

சரி, ஒரு டிராக் நாளுக்கு என்ன ஆகும்? இது என் மதிப்பீடு. திருநெல்வேலியில் இருந்து டிராக் இருக்கும் செட்டிப்பாளையம் போய்வர சுமார் 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிடைத்தால் 47 லிட்டர். டிராக்கில் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் இன்னும் 20 லிட்டர் குடிக்கும். பெட்ரோல் மட்டும் 6,800. கட்டணம் 8,000, முந்தின ராத்திரி தங்க 2,000, பிரேக்குக்கு 3,000, டயர் தேய்மானத்துக்கு 4,000. ஆக 24,000 பக்கம் வரும். வருடத்துக்கு இரண்டு நாள் என்றால் மாதம் 4,000 ஒதுக்க வேண்டும். மிச்சமிருக்கும் 14,000-இல் வீட்டு ஓட்டத்துக்குப் பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 5,000, டிராக்குக்கு 4,000. மீதி 5,000-ஐ ஒரு ஆர்.டி.யில் போட்டுவையுங்கள். வண்டி போனால் அடுத்த வண்டிக்கு அதுதான் உங்கள் இன்சூரன்ஸ். வருடத்துக்கு மூன்றாவது நாள் போக வேண்டும் என்றால் சம்பளம் கூடட்டும், எஸ்.ஐ.பி.யில் கை வைக்க வேண்டாம். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் இன்னும் நீளம், 3.7 கிலோமீட்டர். ஆனால் நம் ஊரில் இருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பிறகு பார்க்கலாம்.

சுவிஃப்ட்டை வாங்குவதற்கு முன்னால் ஒன்றை விடாமல் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் வெள்ளம். நெல்லை, தூத்துக்குடி, சென்னை மூன்று இடங்களிலும் முங்கிய வண்டிகள் பல, கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடி முனையில் சேற்றுக் கறை தெரியும். கார்பெட்டைத் தூக்கி சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் 2023, 2024 பாலிசிகளை வாங்கி நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். 45, 50 என்று இருந்தது 2024-இல் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். வாங்கினால், 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது.

எஃப்.டி.யில் இருந்து எடுக்கும் 3.6 லட்சத்தில் 3.1 லட்சம் போக மீதி 50,000 பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் வேலைக்கு. பாடிகிட்டோ, சைலன்சரோ வேண்டாம். பிரேக் ஆயிலை மட்டும் ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன் மாற்றுங்கள். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழசானால் 155-லேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் தரை தட்டும். திரும்பி வரவும் அதே வண்டிதான்.

உங்கள் உடம்புக்கான பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். மருத்துவக் காப்பீட்டில் மோட்டார் பந்தயத்துக்கான விலக்கு தொழில்முறையாக ஓட்டுபவர்களுக்குத்தான், உங்களைப் போல ஆசைக்கு ஓட்டுபவருக்கு அது பொருந்தாது. தனிநபர் விபத்துப் பாலிசி அப்படி இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதிதாக டெர்ம் பாலிசி எடுப்பதாக இருந்தால் விண்ணப்பத்தில் கார் பந்தயம் பற்றிக் கேட்கும் இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மறைத்தால் பின்னால் அலையப் போவது உங்கள் வீட்டுக்காரம்மாதான்.

6 லட்சமும் ஒரே எஃப்.டி. ரசீதாக இருந்தால் உடைப்பதற்கு முன் வங்கியில் ஒரு வார்த்தை கேளுங்கள். பல வங்கிகள் வேண்டிய அளவுக்கு மட்டும் எடுக்க விடும், அபராத வட்டி அந்தப் பகுதிக்கு மட்டும் போகும். முழுசாக உடைக்கத்தான் வேண்டும் என்றால், முதிர்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று பார்த்துவிட்டு விற்பவரிடம் பேசுங்கள்.