ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலரில் குழந்தைக்கு வேறென்ன செய்து காட்டலாம்?

மழை லீவில் ஆறு வயதுக் குழந்தையோடு ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலரை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு டிஷ்யூ பட்டாம்பூச்சிக்குத்தான். டிஷ்யூவின் நடுவில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பட்டையாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். ஈரம் பரவப் பரவ, கறுப்பு மையில் கலந்திருக்கும் நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். பேனாவைப் பொறுத்து நீலம், ஊதா, மஞ்சள் என்று எது வேண்டுமானாலும் வரும். (பெர்மனன்ட் மார்க்கர் வேண்டாம், தண்ணீருக்கு அசையாது.) காய்ந்ததும் நடுவில் கொசுவி நூலால் கட்டினால் இறக்கை ரெடி.

அப்புறம், வெள்ளை மெழுகு கிரேயானில் பெயரெழுதி மேலே வாட்டர் கலர் பூசினால் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். இதற்கு ஜெராக்ஸ் தாள் சுருங்கிவிடும்; சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு காகிதக் கடைகளில் 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேலுள்ள தாளாகக் கேட்டு வாங்குங்கள். சென்னை ஐப்பசி ஈரத்தில் ஃபேனுக்கு அடியிலும் மெதுவாகத்தான் காயும்.