துள்ளுமாரி ஊசி போட்டும் குட்டிகள் செத்தது ஏன்?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் 22 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். பங்குனியில் சேலத்தில் மருந்து வாங்கி, ஃப்ரீசரில் உறைந்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ஊசிகளை ஒரே நாளில் போட்டோம். சித்திரை மழையில் புல் தழைத்ததும், நன்றாகக் கொழுத்த 3 குட்டிகள் ஒரே வாரத்தில் துள்ளி விழுந்து செத்துவிட்டன. ஊசி வேலை செய்யவில்லையா?

பதில்: துள்ளுமாரிக்கு மறு ஊசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் குறை முதலில் அங்கேதான். ஐஸ் பேக் இரண்டாவது சந்தேகம்.

ஆட்டுக்கொல்லி வைரஸ் நோய். அதன் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். உடம்புக்குள் பெருகுவதால் ஒரே ஊசி 3 ஆண்டு வரை காக்கும். (இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த வைரஸை வைத்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது.) துள்ளுமாரியில் ஆட்டைக் கொல்வது, குடலில் பாக்டீரியா சுரக்கும் நஞ்சு. ஊசியில் இருப்பது ஃபார்மலின் சேர்த்துச் செயலிழக்க வைத்த அதே நஞ்சு. அது பெருகாது. முதல் ஊசி உடம்புக்கு நஞ்சை அடையாளம் காட்டுவதோடு சரி. 2 முதல் 3 வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசியில்தான் எதிர்ப்பொருள் காக்கும் அளவுக்கு ஏறும். அதன்பின் ஆண்டுக்கு ஒன்று போதும்.

இரண்டு மருந்துக்கும் பகை வேறு வேறு. ஆட்டுக்கொல்லி மருந்தை வெப்பமும் வெயிலும் கெடுக்கும். துள்ளுமாரி மருந்தை உறைநிலை கெடுக்கும். அதில் சேர்த்திருக்கும் அலுமினியக் கூழ் ஒருமுறை உறைந்தால் திரிந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸ் பேக் புட்டியை ஒட்டியிருந்தால், மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிவதற்குள் உறைந்துவிடக்கூடும். பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை விட்டு, புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். 2 முதல் 8 டிகிரிதான் கணக்கு. சந்தேகமிருந்தால் அதே பேட்சில் உறையாத புட்டி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறைந்தது திரிதிரியாகி, சீக்கிரம் அடியில் படியும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஆட்டுக்கொல்லி மருந்தைக் குளிர்ந்த கரைப்பானில் கலக்கி, ஐஸ் மேல் நிழலில் வைத்து, 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆட்டுக்கு 1 மி.லி., தோலுக்கடியில். ஸ்பிரிட், டெட்டால் பட்ட சிரிஞ்சு வைரஸைக் கொன்றுவிடும். கொதிக்க வைத்து ஆறவிட்டது போதும். கலக்கிய மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது என்பதால், 100 டோஸ் புட்டி என்றால் அக்கம்பக்கத்து மந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் திணிக்க அவசியமில்லை. ஆட்டுக்கொல்லியைத் தை மாதத்திலேயே முடித்துவிட்டு, துள்ளுமாரி முதல் ஊசியை மாசிக் கடைசியிலும் மறு ஊசியைப் பங்குனி நடுவிலும் போட்டால், கோடை மழைப் புல்லுக்கு முன் உடம்பு தயாராகிவிடும். துள்ளுமாரி மருந்தின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும், லேபிளைப் பாருங்கள். சினை ஆடுகளுக்கு ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன் துள்ளுமாரி ஊசியைப் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு கிடைக்கும். ஊசிக்கு ஓரிரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள்.

ஊசி எவ்வளவு சரியாகப் போட்டாலும், பசித்த குட்டியைத் தளதளவென்ற புல்லில் திடீரென அவிழ்த்துவிட்டால் ஆபத்துதான். மாவுச்சத்து குடலில் குவியும்போதுதான் பாக்டீரியா வெறிகொண்டு பெருகுகிறது. கொழுத்த குட்டி முதலில் சாவது அதனால்தான். காலையில் காய்ந்த தீவனம் கொடுத்துவிட்டு, சில நாட்களுக்கு மேய்ச்சல் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சோறு, கஞ்சி, பலாப்பழக் கழிவு கூடாது.

இது துள்ளுமாரிதானா என்பதைப் பிரேதப் பரிசோதனைதான் உறுதி செய்யும். நம் பக்கம் மரவள்ளி இலை தின்ற ஆடும் திடீரென விழும். அதன் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். மூக்கு, ஆசனவாயில் உறையாத கருரத்தம் வடிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள்.

மிச்சமுள்ள ஆடுகளுக்குப் பழைய ஊசியைக் கணக்கில் எடுக்காமல், புதுப் புட்டியில் 2 தவணையும் போட்டுவிடுங்கள். மறு ஊசி முடிந்து 2 வாரம் ஆகும்வரை மேய்ச்சலைக் குறைத்தே வையுங்கள்.