1340 சிசி வல்லூறு: ஹயபுசா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: யமஹா ஆர்1 பைக் வெறும் 998 சிசிதான், ஆனால் 200 பிஎஸ் (குதிரைத்திறன்) தருகிறது. 1340 சிசி சுஸுகி ஹயபுசாவில் 190 பிஎஸ்தான். அதுவும் முந்தைய மாடலில் 197 இருந்தது. சுஸுகி பின்னால் போய்விட்டதா?

பதில்: இல்லவே இல்லை. உச்ச பவர் என்பது ஏதோ ஓர் ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) மட்டும் கிடைக்கும் எண். ஆர்1 அந்த 200 பிஎஸ்ஸைத் தொட 13,500 ஆர்பிஎம் வரை முறுக்க வேண்டும். ஹயபுசாவுக்கு 9,700 போதும்.

வித்தியாசம் ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒருமுறை நகரும் தூரத்தில் இருக்கிறது. ஆர்1 பிஸ்டனின் ஸ்ட்ரோக் 50.9 மி.மீ., ஹயபுசாவில் 65 மி.மீ. உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் ஆர்1-ல் விநாடிக்கு 22.9 மீட்டர், ஹயபுசாவில் 21 மீட்டர். ஆக, இரண்டு இன்ஜின்களுமே ஏறக்குறைய ஒரே அளவு உழைக்கின்றன. ஹயபுசா பிஸ்டனையும் 13,500-க்கு ஓட்ட நினைத்தால் வேகம் 29 மீட்டரைத் தாண்டும். கனெக்டிங் ராடு அதைத் தாங்காது.

நீண்ட ஸ்ட்ரோக், பெரிய சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தரும் பலன் டார்க், அதாவது சுழற்றும் விசை. 7,000 ஆர்பிஎம்மில் 150 நியூட்டன் மீட்டர். அந்த இடத்திலேயே பவர் சுமார் 150 பிஎஸ் வந்துவிடும். சாலையில் நாம் புழங்குவது பெரும்பாலும் 3,000-க்கும் 7,000-க்கும் நடுவில்தான். ஆறாவது கியரில் இருந்தபடியே, கியர் குறைக்காமல் ஒரு லாரியைத் தாண்டும் சுகம் அங்கிருந்துதான் வருகிறது.

2008 மாடலின் 197 பிஎஸ் 2021-ல் 190 ஆனதற்குக் காரணம் ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதி. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியைக் குறைத்தார்கள். எரியாத பெட்ரோல் வெளியே தப்புவது குறைந்தது. உச்சியில் கொஞ்சம் பவர் போனது. நடு ஆர்பிஎம் நிறைந்தது. சாலைக்கு இது நல்ல பேரம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: ஹயபுசாவின் உருவம் சிலருக்கு அழகு, சிலருக்குப் பருமன். அந்த உருவத்துக்குப் பயன் உண்டா? வேகம் ஏன் 299-ல் நிற்கிறது?

பதில்: உருவம்தான் இந்த பைக்கின் பாதி பலம். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் பவர், வேகத்தின் மும்மடியாக ஏறும். மணிக்கு 150 கி.மீ.க்குத் தேவைப்படுவதைப் போல எட்டு மடங்கு 300-க்கு வேண்டும். அதனால் ஐந்து பிஎஸ் கூட்டுவதைவிடக் காற்று வழுக்கிப் போகும் உடலைச் செய்வது லாபம். விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் அழகுக்காக மட்டும் இல்லை. காற்றழுத்தம் அதிகமுள்ள மூக்குப் பகுதிக்கு அருகிலேயே காற்றுத் துளைகளை வைக்க இடம் கிடைத்தது. பின் இருக்கையின் திமில், ஓட்டுபவரின் முதுகைத் தாண்டி வரும் காற்று சுழன்று பின்னிழுக்காமல் பார்த்துக்கொள்கிறது.

1999-ல் வந்த முதல் மாடல் 300-ஐத் தாண்டியது. இந்த வேகப் போட்டி தடையில் போய் முடியும் என்று அஞ்சிய தயாரிப்பாளர்கள், தங்களுக்குள் பேசி 299-ல் நிறுத்திக்கொண்டார்கள். அது சட்டம் அல்ல, எழுதப்படாத ஒப்பந்தம். இன்ஜின் கம்ப்யூட்டர்தான் அந்த எல்லையைக் காக்கிறது.

கேள்வி: வளைவில் முன்பக்கம் மிதப்பதுபோல் இருக்கிறது. சஸ்பென்ஷனை எங்கிருந்து தொடங்கிச் சரிசெய்வது?

பதில்: டாம்ப்பிங் (சஸ்பென்ஷன் அமிழ்ந்து எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) திருகுகளை இப்போது தொடாதீர்கள். முதலில் சாக் அளவு. அதாவது, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமிழ்கிறது என்பது. உதவிக்கு இரண்டு பேர், ஒரு டேப், ஒரு பேனா போதும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் டஸ்ட் சீலிலிருந்து கீழே ஆக்ஸில் பிடி வரை அளந்து எழுதுங்கள். இது முதல் அளவு. பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து, ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் முன்பக்கத்தை அமுக்கி, மெதுவாக விட்டு அளக்கட்டும். அடுத்து லேசாகத் தூக்கி, மெதுவாக விட்டு மறுபடி அளக்கட்டும். இந்த இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் வருவதுதான் சாக். மொத்தம் 120 மி.மீ. பயணம் உள்ள இந்த ஃபோர்க்கில், சாலைக்கு 30 முதல் 35 மி.மீ. இருக்கட்டும். கூடுதலாக இருந்தால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஏற்றுங்கள். குறைவாக இருந்தால் இறக்குங்கள்.

அமுக்கி எடுத்த அளவுக்கும் தூக்கி எடுத்த அளவுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபோர்க் எங்கோ உரசுகிறது. பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது ஆக்ஸில் பிடியை அவசரமாக இறுக்கியிருப்பார்கள். பிடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு இறுக்கினால் சரியாகிவிடும்.

பின்பக்கத்தில் இன்னொரு சோதனை உண்டு. ஆள் இல்லாமல் பைக் தன் எடையிலேயே 5 முதல் 10 மி.மீ. அமிழ வேண்டும். நீங்கள் உட்கார்ந்த அளவு சரியாக இருந்தும், ஆள் இல்லாதபோது துளியும் அமிழவில்லை என்றால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மை. ப்ரீலோடை ஏற்றி ஏற்றி அதை மறைத்திருக்கிறீர்கள். தீர்வு கனமான ஸ்பிரிங்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டாம்ப்பிங். திருகை வலப்பக்கம் முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணித் திறந்து, எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். மூடும்போது முறுக்கி அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி முனை கெட்டுவிடும்.

கேள்வி: பின் டயர் 190/50. அதற்குப் பதிலாக 190/55 போடலாமா?

பதில்: பொருந்தும். வளைவில் பைக் சுறுசுறுப்பாகச் சாயும் என்பதும் உண்மை. ஆனால் விளைவுகளைத் தெரிந்துகொண்டு போடுங்கள். 190 என்பது டயரின் அகலம் மி.மீ.யில்; 50, 55 என்பவை அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆக, டயரின் பக்கவாட்டு உயரம் 95 மி.மீ.யிலிருந்து 104.5 ஆகிறது. பின்பக்கம் கிட்டத்தட்ட 10 மி.மீ. உயரும்; ஸ்டியரிங் கோணம் செங்குத்தாகும்; நேர்பாதையில் உள்ள நிதானம் கொஞ்சம் குறையும். சுற்றளவு 3 சதவீதம் கூடுவதால் பின் சக்கரம் மெதுவாகச் சுழலும். பின் சக்கரம் சறுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் சறுக்கலைக் கண்டுபிடிக்கிறது. ஒப்பீடு மாறினால் அது தாமதமாகத் தலையிடலாம். எங்களைக் கேட்டால், 50-லேயே நல்ல ரப்பர் போடுவது மேல். காற்று இரு பக்கமும் 42 பிஎஸ்ஐ, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

கேள்வி: செயினை இறுக்கமாக வைத்தால் பிக்கப் நன்றாக இருக்கும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: தவறு. பின் சஸ்பென்ஷன் அமிழும்போது முன் ஸ்பிராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் தருணம் உண்டு. அப்போதுதான் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடைவெளி மிக அதிகம். நிற்கும்போதே செயின் இறுக்கமாக இருந்தால், அந்தத் தருணத்தில் இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில் விழும். முதல் அறிகுறி, முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் ஆயில் கசிவு. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, நடுவில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே வைத்து அளவிடுங்கள். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல், செயினில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கெடுக்கும்.

கேள்வி: விலை உயர்ந்த சிந்தெடிக் கார் ஆயில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். இங்கே கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது கிளட்ச் தகடுகளை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கட்டும், தடிமன் 10டபிள்யூ-40. எம்பி என்றிருந்தால் அது உராய்வு குறைந்த வகை, தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், ஆறாவது கியரில் 4,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பாருங்கள். வேகத்துக்கு முன்னால் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். சரியான ஆயிலில் சில நூறு கி.மீ. ஓடியும் வழுக்கல் தொடர்ந்தால் தகடுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.