லென்னன் மெட்டா, மெக்கார்ட்னி மெட்டா? பீட்டில்ஸ் கேள்வி பதில்

கேள்வி: பெரும்பாலான பாட்டுகளுக்கு 'லென்னன் – மெக்கார்ட்னி' என்றே பெயர் போட்டிருக்கிறார்கள். எது யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வர் சேர்ந்ததுதான் பீட்டில்ஸ் இசைக்குழு. ஜானும் பாலும், இருவரில் யார் எழுதினாலும் இரண்டு பெயரையும் போடுவது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். 'யெஸ்டர்டே' (1965) முழுக்க முழுக்கப் பாலுடையது. பதிவில் மற்ற மூவரும் கிடையாது. அதிலும் ஜான் பெயர் இருக்கிறது. பொதுவாக, முக்கியக் குரல் யாருடையதோ பாட்டும் அநேகமாக அவருடையதுதான்.

நான் கவனிப்பது மெட்டு போகும் போக்கை. ஜானின் மெட்டு ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, அடியில் கார்டுகள்தான் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) நகரும். 'ஜூலியா'வின் முதல் வரி கிட்டத்தட்ட ஒரே ஸ்வரம். 'ஐ ஆம் தி வால்ரஸ்' போலீஸ் சைரனைக் கேட்டுப் பிறந்த மெட்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்களில் ஆடிக்கொண்டே இருக்கும். பால் அப்படி நிற்க மாட்டார். 'யெஸ்டர்டே'யின் இரண்டாவது அடி படிப்படியாக மேலே ஏறிவிட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜான் கவிஞர், பால் மெட்டுக்காரர். இப்படிச் சொல்லலாமா சார்?

பதில்: சொல்லக் கூடாது என்பேன். கல்யாணம் முடிந்த தேவாலயத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்கும் தனிமைப் பெண்ணை 'எலினார் ரிக்பி'யில் (1966) கொண்டுவந்து நிறுத்தியவர் பால். இருவருக்கும் சொல் வரும். ஆனால் பால் அடுத்தவர் கதையைச் சொல்வார், ஜான் தன்னைத்தான் தோண்டுவார்.

1967 பிப்ரவரியில் வந்த ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்களைக் கேளுங்கள். இரண்டுமே லிவர்பூலில் கழிந்த சின்ன வயதைப் பற்றியவை. பாலின் 'பென்னி லேன்' தெருவில் முடிதிருத்துபவர், வங்கிக்காரர், தீயணைப்பு வீரர், நர்ஸ் என்று எல்லோரும் நடமாடுகிறார்கள். ஜானின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', அவர் வளர்ந்த வீட்டுக்கு அருகில் இருந்த குழந்தைகள் இல்லத்தின் பெயரைக் கொண்டது. ஆனால் பாட்டுக்குள் அந்த இல்லத்தைப் பார்க்கவே முடியாது. சொல்ல ஆரம்பித்து, தயங்கி, மாற்றிச் சொல்லும் ஒரு மனம்தான் இருக்கிறது.

கேள்வி: பால் மென்மை, ஜான் முரடு என்கிறார்களே?

பதில்: 1968-இல் வந்த பீட்டில்ஸ் இரட்டை இசைத்தட்டில் காதைக் கிழிக்கும் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாலுடையது. மகனுக்காக எழுதிய 'குட் நைட்' தாலாட்டு ஜானுடையது. இதற்கு மேல் என்ன சொல்ல!

கேள்வி: இருவரும் சேர்ந்து எழுதியதில் உங்களுக்குப் பிடித்தது?

பதில்: 'வி கேன் வொர்க் இட் அவுட்' (1965). பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பால் மேஜரில் (பிரகாசமாக ஒலிக்கும் ஸ்வர வரிசை) நம்பிக்கையாகத் தொடங்குகிறார். நடுப்பகுதி ஜானுடையது. அது சோகச் சாயலுள்ள மைனருக்கு மாறி, வாழ்க்கை ரொம்பச் சின்னது, சண்டைக்கு நேரமில்லை என்கிறது. அந்தப் பகுதியின் முடிவில் தாளம் சட்டென்று மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் நடைக்குப் போகிறதே, அது ஜார்ஜ் ஹாரிசன் சொன்ன யோசனை. சமாதானம் பேசும் பாட்டுக்குள் பொறுமையிழந்த ஒருவர் குறுக்கே பேசுகிறார். தனித்தனியாக எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது.

கேள்வி: ஜார்ஜுக்கு அநியாயம் நடந்ததா அண்ணா?

பதில்: இடம் கிடைக்கவில்லை என்பது உண்மை. முதல் பாட்டு 1963-லேயே வந்துவிட்டது, ஆனாலும் சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்ன இசைத்தட்டு) முதல் பக்கத்தில் அவர் பாட்டு வர 1969-இல் 'சம்திங்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தும் தட்டில் ஏறாத 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்', மறு ஆண்டு அவருடைய மூன்று தட்டுத் தொகுப்புக்கே தலைப்பானது.

அவருக்கென்று தனி வழி அமைந்ததற்கு ரவிசங்கரிடம் சிதார் கற்றதும் ஒரு காரணம். நண்பரும் கிடார் கலைஞருமான எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் எழுதிய 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டின் நடுப்பகுதியைக் கைத்தாளம் போட்டுக் கேளுங்கள். நாலு நாலாக எண்ணினால் தட்டு தப்பும். மூன்று மூன்றாகக் கணக்கு உடைகிறது. தபலா கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஜானும் பாலும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: ரிங்கோ?

பதில்: டிரம்ஸ் வாசித்த அவர் பெயர் மட்டும் போட்டு குழுவில் வந்த பாட்டுகள் இரண்டு: 'டோன்ட் பாஸ் மி பை', 'ஆக்டோபஸ்ஸஸ் கார்டன்'. இரண்டாவது குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், போட்டுக் காட்டுங்கள்.